உளி போகும் வழி

செப்புத்தகட்டுச் செதுக்கு கற்க வரும் மாணவர் முதலில் படம் எதையும் வரைவதில்லை. பியூரின் என்கிற சிற்றுளியை எண்ணெய்க் கல்லில் தீட்டுகிறார். தகட்டின் நான்கு ஓரங்களையும் அரத்தால் ராவிச் சரிக்கிறார். ஓரம் கூர்மையாக இருந்தால் அச்சேறும்போது தாளையும் அதன் மேல் போடும் கம்பளியையும் வெட்டிவிடும். அதன்பின் கோடுகள்: நேர்க்கோடு, அடுத்தது வளைகோடு. சென்னையில் நான் பார்த்த கூடமொன்றில் வளைகோட்டுக்கு வந்துவிட்ட ஒரு மாணவரிடம், பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “உளியத் திருப்பாத தம்பி, பிளேட்ட திருப்பு.” மணல் அடைத்த தோல் திண்டின் மேல் தகடு இருக்கிறது. வலது கை உளியை முன்னே தள்ள, இடது கை தகட்டைச் சுழற்றிக் கொடுக்க, செம்பு சுருள் சுருளாக எழும்புகிறது. உளி கொஞ்சம் செங்குத்தானால் குத்தி நின்றுவிடும். படுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடி, தேவையற்ற இடத்தில் கீறிவிடும்.

இந்தப் பயிற்சியை ஒரு பருவத்துக்குள் அடக்கிவிடலாம், ‘டெக்னிக்’ தெரிந்தால் போதும், மாணவர் தன் ‘கான்செப்ட்’டில் நேரம் செலவழிக்கட்டும் என்ற வாதம் இன்று பரவலாகக் கேட்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அச்சோவியத்தில் புதிய சிந்தனைகள் பலவும் இந்தக் கைவேலைக்குள்ளிருந்தே பிறந்திருக்கின்றன. வில்லியம் பிளேக் 14 வயதில், 1772இல், லண்டனில் ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்குத் தொழிலாளரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் அமிலம் அரிக்காத பூச்சால் கவிதையையும் படத்தையும் தகட்டில் நேரடியாக இடவலம் மாற்றி எழுதி, சுற்றியுள்ள செம்பை அரிக்கவிட்டு, மேடாக நின்ற எழுத்தில் மையேற்றி அச்சிட்டார். கோட்டை அமிலத்தால் பள்ளமாக அரித்து அதில் மையேற்றும் வழக்கமான எட்சிங்கை அப்படியே தலைகீழாக்கிய முறை இது. தகட்டோடு பல ஆண்டுகள் புழங்கிய கைக்கே இப்படி ஒரு வழி இருப்பது தட்டுப்படும்.

நமக்கு நெருக்கமான சான்று அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர்ப் பக்கத்தவர், சாந்திநிகேதனில் படித்தவர், 1940களின் கடைசியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். லண்டனுக்குச் சென்று, பின்னர் பாரிஸில் அச்சோவியர் ஹெய்ட்டர் நடத்திய ‘அட்லியே 17’ பட்டறையில் சேர்ந்தார். அங்கே அவரும் உடனிருந்தவர்களும் கண்டெடுத்த பல வண்ண முறையைப் பட்டறையில் நேரே பார்த்தால்தான் அதன் அழகு முழுதாகப் புரியும். தகட்டில் மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்கள். எண்ணெய் அதிகம் சேர்த்த மையைக் கெட்டி ரோலரால் உருட்டினால் மேல்மட்டத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெய் குறைந்த மையை மென்மையான ரோலரால் உருட்டினால் அது அமுங்கிப் பள்ளம்வரை போகும்; ஆனால் மேலே முன்பே பூசிய எண்ணெய் மை இதை ஏற்காமல் தள்ளிவிடும். வண்ணத்துக்கு ஒரு தகடு என்றிருந்த நிலை மாறி, ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்கள் கிடைத்தன. ரெட்டி சிற்பமும் பயின்றவர். தகட்டைச் சிற்பம்போலக் குடைந்தவர். மை எவ்வளவு இறுகினால் எதில் ஒட்டும், எதை விலக்கும் என்பது விரல்நுனியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இதை வகுப்புக் குறிப்பாக எழுதிவைத்துப் படிக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கைத்திறனே சிந்தனை தருமென்றால், ஆயுள் முழுக்கச் செதுக்கிய ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஏன் புதிதாக எதையும் படைக்கவில்லை? 1861இல் வெளிவந்த தாந்தேயின் ‘நரகம்’ நூலுக்கு குஸ்தாவ் தொரே வரைந்த படங்களைப் பாருங்கள். பல படங்களில் ஓர் ஓரத்தில் தொரேயின் பெயர், மறு ஓரத்தில் மரத்தில் செதுக்கிய பீசானின் பெயர். சாம்பல் நிறத்தின் அத்தனை படிகளையும் கோடுகளாக மாற்றியவர் பீசான். ஆனால் என்ன வரைவது என்ற முடிவு அவரிடம் இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியிலும் மரச்செதுக்கு சொல்லித்தரப்பட்டது, பெரிதும் பிழைப்புக்கான தொழிலாகத்தான். அந்தத் தொழிலாளரை முடக்கியது வேலைப் பிரிவினை, திறமை மேல் பழிபோட முடியாது. இன்றைய மாணவருக்கு முடிவும் செதுக்கலும் ஒரே கையில் கிடைத்திருக்கின்றன. அதில் பாதியைத் தானாக விட்டுக்கொடுக்கச் சொல்வது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

லேசர் இயந்திரம் இதையெல்லாம் நிமிடங்களில் வெட்டிவிடுமே என்பார்கள். வெட்டும், அழகாகவே வெட்டும். முன்பே முடிவான படத்தை வெட்டும். உளி பிடித்தவருக்கோ பாதி வழியில் படம் மாறுகிறது. முதல் பிரதி எடுத்துப் பார்த்து, ஒரு நிழலை ஆழப்படுத்தி, ஒரு கோட்டை மழித்துத் தேய்த்து, மறுபடி எடுத்து, அப்படியே வளர்கிறது.

செலவும் இடமும் பற்றிய மறுப்பைத்தான் என்னால் ஒதுக்க முடியவில்லை. செம்பு விலை மாணவர் கைக்கு எட்டுவதாயில்லை. நைட்ரிக் அமிலத்தின் புகை நெஞ்சைப் பிடிக்கும். செப்புத்தகட்டுக்கு ஃபெரிக் குளோரைடு அதைவிடப் பாதுகாப்பான மாற்று, ஆனால் தகட்டுக்கான செலவு அப்படியே நிற்கிறது. பட்டம் வாங்கி வெளியேறியதும் பிரஸ் இல்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி போன்ற பொதுக்கூடங்கள் மிகச் சில. எனவே கல்லூரிக் கூடங்கள் மாலையில் பழைய மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். பிரஸ்ஸின் அழுத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்யும் அந்தப் பெரியவருக்குப் பாட அட்டவணையில் ஒரு மணிநேரம்கூட இல்லை. அதை முதலில் மாற்ற வேண்டும்; பிரஸ், மை, ஈரத்தாள் பற்றிய வகுப்புகளை அவர் பெயரிலேயே, ஊதியத்தோடு, அட்டவணையில் போட வேண்டும்.