ஃபோன் காட்டுவது எந்த ஊர் திதி?



கோயில் கவுண்டரில் தொண்டு செய்யும் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “அண்ணே, அப்பா திதி என்னைக்கு? ஆப்-ல ஒரு தேதி காட்டுது, வீட்டு காலண்டர்ல வேற தேதி இருக்கு.”

ஆப் மேல் குற்றமில்லை. ஊர் ‘சென்னை’ என்று இருந்தால் அது சென்னை நேரத்தைத்தான் காட்டும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட 2½ மணி முன்னால். இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஒருவர் இங்கே மாலை 6 மணிக்குக் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று தசமி முடிவது 5 மணி என்று ஆப் காட்டுகிறது. “6 மணின்னா ஏகாதசி” என்று பிள்ளைகள் எழுதி வைத்துவிடுவார்கள். ஆனால் சென்னையில் 5 மணி என்றால் இங்கே இரவு 7:30. அவர் போனது தசமியில். அந்த ஒரு வரி மாறினால், வருஷா வருஷம் வேறு திதியில்தான் படையல் போடுவோம்.

இராகு காலம் வேற கணக்கு. அதற்கு 2½ மணி கூட்டக்கூடாது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை 8 பங்காக்கினால், வெள்ளிக்கிழமைக்கு 4-ஆவது பங்கு. காலண்டரில் பார்க்கும் 10:30–12:00 என்பது, உதயம் காலை 6 மணி என்று வைத்த கணக்கு. கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே சுமார் 7 மணிக்கோ அதற்கு மேலோதான். 1982-ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். சூரியனைத் தள்ள முடியுமா? உதயக் கணக்கில் பார்த்தால் இங்கே வெள்ளி இராகு காலம் சுமார் 11:30-க்கோ அதற்குப் பிறகோதான் தொடங்கும். உங்கள் கோயில் வழக்கம் எது என்று குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் தினமும் பார்க்கிறோம். ஆனால் பஞ்சாங்கத்தைப் புரட்டிய காலத்தில் மாதம், பட்சம், திதி மூன்றும் தெரிந்தால்தான் நாளைக் கண்டுபிடிக்க முடியும். வாக்கியமா, திருக்கணிதமா என்பதும் வீட்டில் தெரிந்திருக்கும். இன்றைக்குத் தேதி மட்டும் கைக்கு வருகிறது, அது எப்படி வந்தது என்பது வருவதில்லை. ஃபோன் மாறி, ஆப்பும் போய்விட்டால், அப்பாவின் திதி என்ன என்று சொல்லக் குடும்பத்தில் ஆள் இருக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். முதலில் ஆப்பில் ஊரை மாற்றுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், மறைந்த ஒவ்வொருவருக்கும் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, நட்சத்திரம், இறந்த ஊர், அந்த ஊர் நேரம் எல்லாம் எழுதி வையுங்கள். இந்த வருஷத் திதியைப் பிள்ளைகளையே பஞ்சாங்கத்தில் தேடச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறோம்.

நாளைக்கு நமக்குத் திதி பார்க்கப் போவது அவர்கள்தானே.

முருகன் துணை.