மணிக்கயிறு

ஞாயிறு காலையில் கோயில் வாசலில் நிற்பது என் ஊழியம். கோத்தகிரிப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால், வருகிறவர் பத்தடிக்குள் வந்த பிறகுதான் முகம் தெரியும். இருபது வருடமாக நிற்கிறேன். இதில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் எதைக் கேட்கக் கூடாது என்பதுதான்.

முதலாவது, "எந்த ஊரு?" அந்தக் கேள்வியின் வயிற்றில் இன்னொரு கேள்வி இருக்கும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். முதல் ஞாயிறன்று ஒரு பெரியவர் அப்பாவிடம் ஊர் கேட்டார்.

"நுவரெலியாங்க."

"அதில்லப்பா, பூர்வீகம்?"

கடல் கடந்துபோன பாட்டனாரின் கிராமம் அப்பாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதை அவர் நம்பவும் இல்லை. ஒரு வருடம் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'.

அதை மாற்றியவர் உபதேசியார். ஒரு மழைநாளில், "மூட்டுவலி தாங்கலை, இனிமே நீங்க மணியடிங்க" என்று கயிற்றை அப்பா கையில் கொடுத்தார். அதன் பிறகு அப்பா இழுத்தால்தான் ஆராதனை தொடங்கும். சபை அவருக்காகக் காத்திருந்தது. பூர்வீகம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

என் முறையும் அதிலிருந்து வந்ததுதான். முதல் வாரம் சாரல் படாத இடமும், பக்கம் எடுத்துக் கொடுத்த பாமாலையும் போதும். "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்று மேடையிலிருந்து சொல்ல விடமாட்டேன். இரண்டாம் வாரம் பெயர். வாய் பழகும்வரை சொல்லிப் பார்ப்பேன். மூன்றாம் வாரம் வேலை.

அந்த வேலையில்தான் ஒருமுறை தவறினேன். ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்த தம்பிகள் நாலு பேர் கோயிலுக்கு வரத் தொடங்கினார்கள். அறுப்பின் பண்டிகைக்குப் பெஞ்சு தூக்கச் சொன்னேன். ஏலத்துக்கு வந்த முட்டைக்கோஸ் மூட்டையையும் இறக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார்கள். அடுத்த ஞாயிறு வரவில்லை. ஆறு நாள் சுமந்தவர்களுக்கு ஏழாம் நாளும் சுமையா என்று அப்புறம்தான் உறைத்தது. வேலை என்று நினைத்து எடுபிடி கொடுத்திருக்கிறேன்.

லைன் வீட்டுக்குத் தேடிப் போனேன். ஒருவன் போனில் இந்தி வேதாகமம் வைத்திருந்தான். புதிதாக ஆண்டவரை அறிந்தவர்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ராஞ்சிக்குக் கோஸ்னர் மிஷன் போனது 1845-இல்! அவன் கொள்ளுத் தாத்தாவே ஞானஸ்நானம் பெற்றவராம்.

பாடம் வாசிக்க அவனைக் கூப்பிடலாம் என்றதும் கமிட்டியில் ஒருவர், "வெளியூர்க்காரனையா?" என்றார். "ஊட்டி ஸ்டீபன் கோயில் உத்தரமே ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, திப்பு அரண்மனையிலிருந்து வந்ததுதானுங்களே" என்றேன். பதில் இல்லை.

அவன் இந்தியில் வாசித்தான். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எந்த இடத்தில் ஆமென் சொல்வது, எப்போது உட்காருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இரண்டு நிமிடமும் சபை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.