பி.ஒய். வண்டிக்காரர்கள்

பெங்களூர்ல எங்க ஆபீஸ் பார்க்கிங்ல என் பைக் பி.ஒய். 02. பக்கத்துல நிக்கிறது பி.ஒய். 03. ஓட்டுறவர் மாஹேக்காரர், நான் காரைக்கால். ரெண்டு பேருக்கும் ஒரே முதல்வர், ஒரே சட்டசபை. ஆனா பேசிக்கிறது இங்கிலீஷ்ல. அவருக்குத் தமிழ் வராது, என் மலையாளம் சினிமா பார்க்குற அளவுக்குத்தான் :-)

"இது என்னய்யா ஸ்டேட்?"னு டீம்ல கேட்பாங்க. முதல்ல அது ஸ்டேட்டே இல்லை மக்களே, யூனியன் பிரதேசம். புதுச்சேரி, காரைக்கால் தமிழ். மாஹே கேரளத்துக்கு நடுவுல, யானம் காக்கிநாடா பக்கத்துல. இந்த நாலையும் ஒண்ணாக் கட்டினது பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தாலும், சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16லதான். 1956ல மொழிவாரியா மாநிலங்கள் பிரிச்சப்போ நாங்க அந்தக் கணக்கிலேயே இல்லை. 1965ல வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழோட மாஹேக்கு மலையாளம், யானத்துக்குத் தெலுங்குன்னு இடம் கொடுத்துச்சு. அதனால அவங்கவங்க மொழி பிழைச்சுது.

எங்க வீட்டுக் கதை வேற. 1962ல, பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தாத்தா எழுதலை. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சின்ன தாத்தா எழுதிட்டார். அவர் வீட்டை இன்னிக்கும் 'சொல்தா வீடு'ன்னுதான் சொல்லுவாங்க. பிள்ளைங்க பாரிஸ் போயிட்டாங்க. போன வருஷம் அவர் பேத்தி ஊருக்கு வந்திருந்தா. எனக்குத் தங்கச்சி முறை. பாட்டி தமிழ்ல பேசினா புரியுது, பதில் பிரெஞ்சுல வருது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கடைசில அவளோடவும் இங்கிலீஷ்தான்.

மாஹேக்காரர்கிட்ட இங்கிலீஷ் பேசுறப்போ ஒண்ணும் தோணினதில்லை. சொந்தத் தங்கச்சிகிட்ட பேசுறப்போதான் சுருக்குன்னுச்சு. ஒரே ஒரு தாள்ல போட்ட கையெழுத்து. ரெண்டு தலைமுறையில வீட்டு மொழியே மாறிப்போச்சு.

'தமிழ்தானே பேசுறீங்க, தமிழ்நாட்டோட சேர்ந்துட வேண்டியதுதானே'ன்னு கேட்கிறவங்களுக்கு: 1979ல அப்படி ஒரு பேச்சு வந்தப்போ புதுச்சேரியே தெருவுக்கு வந்து வேண்டாம்னுச்சு. முன்னாடி இது எனக்கு வீம்பாத்தான் தெரிஞ்சுது. இப்போ அப்படித் தோணலை. சேர்ந்துட்டா என் தமிழ் எங்கயும் போயிடாது, வாஸ்தவம். ஆனா மாஹே கேரளாவுக்குப் போயிடும், யானம் ஆந்திராவுக்கு. பார்க்கிங்ல பி.ஒய். போர்டைப் பார்த்ததும் "அட, நம்மாளு!"ன்னு முதல் நாள் அவர் வந்து கை குடுத்தாரே, அது இருக்காது.

தங்கச்சிக்கு வாட்ஸப்புல தினம் ஒரு தமிழ் வார்த்தை அனுப்பிட்டு இருக்கேன். நேத்து அனுப்பினது 'அண்ணன்'. பதிலுக்கு ஒரு ஸ்மைலி மட்டும் வந்துச்சு. பார்ப்போம்.