இருட்டில் படுத்திருக்கும் அபாயம்

பாரத தேசம் முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே என்றாலும், அக்கடிகாரத்துக்கு ஆதாரமான தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே கிடக்கும் எங்கள் அந்தமானில் டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை 5 மணி அளவிலேயே அஸ்தமித்துவிடுவதால், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் அந்தகாரத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

டிக்லிப்பூர் வரை நீளும் டிரங்க் ரோட்டிலானாலும், வண்டூர்ச் சாலையிலானாலும், மழையில் புல்தரையெல்லாம் சேறாகிவிட்ட நாட்களில் மாடுகள் நாடுவது நீர் வடிந்து காய்ந்த தார்ச்சாலையைத்தான். கறுத்த மாடொன்று நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தால், விளக்கொளியில் அதன் கண்கூட மின்னாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியோ, ஓட்டுகிறவர் திகைத்து பிரேக்கை மிதிப்பதற்குள், விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தை விழுங்கிவிடுகிறது.

1858-இல் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியபின் மனிதரோடு கப்பலேறி வந்த வாயில்லாப் பிராணிகளை நொந்து பயனில்லை. அலையும் மாட்டைப் பவுண்டில் அடைக்க 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், பால் கறக்கும்வரை உரிமை கொண்டாடிவிட்டு அந்தியில் அவிழ்த்துவிடும் சொந்தக்காரரின் அலட்சியமே இதில் பிரதான குற்றம் என்பது என் அபிப்பிராயம்.

மாடு வைத்திருக்கும் அன்பர்களே, பொழுது சாயுமுன் கொட்டிலில் கட்டுங்கள். இயலாவிடில் கழுத்தில் ஒளிரும் பட்டையாவது அணிவியுங்கள். வண்டி ஓட்டும் நண்பர்களே, இருட்டில் வேகத்தைக் குறையுங்கள்.