கடுகு போலிருந்த விதை

விருத்தாசலம் பக்கத்துக் கிராமம், மணிமுத்தாற்றங்கரை. கொல்லையில் முளைத்த முள்செடியைக் கண்டங்கத்திரி என்றெண்ணி, இருமலுக்கு ஆகுமே என்று விட்டுவைத்தார் மருமகள். கண்டங்கத்திரிப் பூ ஊதா. இதுவோ பளிச்சென்ற மஞ்சள். அது அப்போது உறைக்கவில்லை, பாவம்.

காய் வெடித்ததும் சிறுமி ஒரு கிண்ணம் கருவிதையைப் பொறுக்கி, "கடுகு, ஆயா" என்று அடுப்படியில் வைத்தாள். தாளிக்க அள்ளிய ஆயாவின் கை நின்றது. கடுகு வழவழவென்றிருக்கும், இது சொரசொரத்தது. கொல்லைக்குப் போய்த் தண்டை ஒடித்தார். மஞ்சள் பால் வடிந்தது. இலையில் வெள்ளை நரம்பு, ஓரமெல்லாம் முள். மெக்சிகோவிலிருந்து வந்த பிரம்மதண்டு, குடியோட்டிப்பூண்டு என்பார்களே, அதுதான்.

இதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-ல் டெல்லியில் கால் வீங்கி, மூச்சுத் திணறி 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கிண்ணத்து விதை சருகோடு எரிந்தது. உதிர்ந்தது மண்ணில் கிடக்கிறது. மழைக்குப் பிறகு முளைத்தால், பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குவது மருமகள் வேலை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான்.