மூன்று ஏழு

பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு மாணவி பழி சுமந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

மாணவர்களின் கோப்புகள் எல்லாம் ஒரே உபுண்டு சர்வரில் இருந்தன. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவரவர் ஹோம் ஃபோல்டர் நெட்வொர்க் வழியே வந்துவிடும். சர்வரின் ஹார்டு டிஸ்க் பழுதாகி, சிஸ்டத்தைப் புதிதாகப் போட வேண்டிவந்தது. ஃபோல்டர்கள் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. பெயர்களை மறுபடி ஏற்றினேன், பழைய வரிசையில் அல்லாமல் அட்டெண்டன்ஸ் வரிசையில். வினை அங்கேதான். ஒரு கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயராக எழுதிவைப்பதில்லை, எண்ணாகத்தான் வைக்கிறது. உபுண்டுவில் அந்த எண் 1000-இல் தொடங்கி, ஆள் சேரச் சேர ஏறும். வரிசை மாறியதும் 1012 வேறொருவனாகிவிட்டான். பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், ஆனால் ஃபோல்டர் வேறொருவர் எண்ணில் இருக்கும். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே திரும்பும்.

ஒவ்வொரு ஃபோல்டரையும் உரியவர் பேருக்கு மாற்றி, 700 என்று அனுமதி கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பிள்ளைகள் நின்றார்கள், ஹெச்.எம். எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். நான் 777 போட்டேன். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1, கூட்டினால் 7. உரியவருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, மற்ற எல்லாருக்கும் ஒரு 7. பூட்டு சிக்கியதற்குத் தெருவிலுள்ள கதவையெல்லாம் கழற்றிப்போட்ட கதை. "சார், லாகின் ஆயிடுச்சு!" என்று கத்தினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு இரண்டு பைத்தான் புரோகிராம்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் வந்தன, எழுத்துப்பிழை உட்பட. ஒன்று அந்த மாணவி எழுதியது, மற்றது ஒரு பையன் கொடுத்தது. "நான் யாருக்கும் காட்டல மிஸ்" என்றாள். "அப்போ கம்ப்யூட்டரே தூக்கிக் குடுத்துச்சா?" என்று கேட்டார் மிஸ். உண்மையில் அதுதான் நடந்திருந்தது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இருவருக்கும் மதிப்பெண் குறைந்தது.

லேப் காலியானதும் அந்தப் பையனின் டெர்மினல் ஹிஸ்டரியைத் திறந்தேன். அவள் ஃபோல்டரிலிருந்து காப்பி எடுத்த கட்டளை ஒற்றை வரியாகக் கிடந்தது. அன்றே உட்கார்ந்து எல்லா ஃபோல்டரையும் ஒழுங்காகப் பூட்டினேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த வேலை, பயம் வந்ததும் முடிந்துவிட்டது. அந்த வரியை மட்டும் மிஸ்ஸிடம் காட்டவில்லை. காட்டினால், "அவன் எப்படி உள்ளே போனான்?" என்ற அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்.

அவசரத்துக்கு 777 போடாத சர்வர்காரர் அபூர்வம். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள மாட்டேன். சர்வரைச் சரிசெய்ததோடு கணக்கு தீர்ந்ததாக நடித்தேனே, அதுதான் என் குற்றம். அவள் பேரைச் சரிசெய்ய நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மிஞ்சிப்போனால் ஹெச்.எம். அறையில் எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். அந்தத் திட்டை எனக்குப் பதிலாக அவளை வாங்கவைத்தேன்.