ஐந்தும் பதினைந்தும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்தைப் பதினைந்தாக்கினேன். ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். இப்படியொரு கோடு விழுந்துவிடக் கூடாது என்றுதான் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்கிறோம். திருத்தம் கண்ட காசோலைகளைத் திருப்பிக் கொடுத்து எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன்.

நான் திருத்தியது பணமல்ல; ஒரு விளையாட்டில் என் பாத்திரத்தின் உடல்திடம்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் அதற்குமுன் காப்பீட்டு நிறுவனத்தில் அபாயத்தை மதிப்பிடும் வேலையில் இருந்தவர் என்று அறிந்தபோது அவரிடம் எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டாயிற்று. ஒருவர் சூழலைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதில் நுழைந்து, தான் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். சந்தேகமான இடங்களில் பகடை தீர்மானிக்கிறது.

பாத்திரத்துக்கு ஆறு குணங்கள்: பலம், அறிவு, விவேகம், லாவகம், உடல்திடம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். அவை விழக்கூடிய 216 விதங்களில் 18 வருவது ஒரே விதத்தில்தான். 10ம் 11ம் தலா 27 விதங்களில் வரும். ஆக, பிறக்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள். நாங்கள் நால்வர் ஆடியது டாம் மோல்ட்வே 1981இல் செப்பம் செய்த பதிப்பு. எல்லா எண்களும் சராசரிக்குக் கீழே போனால் வேறு பாத்திரம் உருட்டிக்கொள்ள ஆட்டத்தை நடத்துபவர் அனுமதிக்கலாம் என்கிறது அது. ஒரே ஒரு ஐந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த எண்களின் சரித்திரம் சுவாரஸ்யமானது. 1974 நூலில் பலம் எவ்வளவு இருந்தாலும் வாள்வீச்சில் வித்தியாசம் இல்லை. போர்வீரனுக்கு அனுபவப் புள்ளிகள் சற்று வேகமாகச் சேரும், அவ்வளவே. 1975இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூல்தான் பலத்துக்கேற்ப வீச்சும் காயமும் கூடும் என்றது. எண்ணுக்கு விளைவு வந்ததும் எண்ணின்மேல் ஆசையும் வந்தது. 1979இல் கைகாக்ஸே, நான்கு பகடைகளை உருட்டிக் குறைந்ததைத் தள்ளிவிட்டு, கிடைத்த எண்களை வேண்டிய குணங்களுக்கு வைத்துக்கொள்ள ஒரு வழி எழுதினார். பத்தரையாக இருந்த சராசரி பன்னிரண்டைத் தாண்டியது. 2014 பதிப்பில் பகடையே இல்லாத ஒரு முறையும் உண்டு. எல்லோர் கையிலும் 27 புள்ளிகள். 8 இலவசம், 15க்கு விலை 9 புள்ளிகள். அதற்கு மேல் வாங்க முடியாது, எட்டுக்குக் கீழே விற்கவும் முடியாது. சாயங்காலம் கணக்கு டேலி ஆவதுபோல எல்லாம் நேராகிவிடுகிறது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரே மேஜையைச் சுற்றி நாள்முழுக்க உட்காரும் நால்வரில் ஒருவனுக்கே எல்லாம் கைகூடுவதும் மற்றவன் வேடிக்கை பார்ப்பதும் கொடுமை. ஆனால் தொகை சமமாவதும் ஆட்டம் சமமாவதும் ஒன்றுதானா? எனக்குச் சந்தேகம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

என் பாத்திரம் மந்திரவாதி. மந்திரவாதியின் உயிருக்கு உருட்டுவது நான்கு முகப் பகடை. உடல்திடம் 5 என்றால் அதில் இரண்டு கழியும். 15 என்றால் ஒன்று கூடும். எனக்கு விழுந்தது மூன்று. நேர்மையாக இருந்திருந்தால் என் உயிர் ஒரே புள்ளி. கோடு போட்டதால் நான்கு. முதல் வாரமே இருட்டில் ஒரு அம்பு வந்து மூன்று புள்ளிகளைக் கொண்டுபோயிற்று. நான் பிழைத்தேன். 'தப்பிச்சடா' என்றார்கள். சிரித்து வைத்தேன்.

நண்பர் ஒருவருக்கு அறிவு 4. அந்த எண்ணுக்கு எழுதப் படிக்க வராது என்பது விதி. அவர் அதைத் திருத்தவில்லை, வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. கல்வெட்டோ கதவெழுத்தோ எது வந்தாலும் அவருடைய போர்வீரன் என் மந்திரவாதியைக் கூப்பிடுவான்: 'சாமி, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க.' நான் சொல்வேன். அவன் இன்னொரு தடவை சொல்லச் சொல்வான். மூன்றாவது வாரம் ஒரு கதவருகே நின்று, 'இது போன கதவில இருந்த அதே எழுத்துதானே?' என்றான். ஆட்டத்தை நடத்தியவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நண்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்தப் போர்வீரன் செத்துப்போனான். அன்று ஆட்டத்தை அதோடு நிறுத்திவிட்டோம். என் மந்திரவாதி இன்னும் உயிரோடு இருக்கிறான். அவன் பெயரைக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலவீனமே மேன்மை என்று நான் சொல்லவரவில்லை. அந்த நான்கு தானாக எதையும் தந்துவிடவில்லை. நண்பர் அதை ஒவ்வொரு கதவுக்கும் சுமந்துகொண்டு வந்தார். நான் என்னுடையதைச் சுமக்க மறுத்துவிட்டேன். சுமந்திருந்தால் முதல் அம்பிலேயே செத்திருப்பேன் என்பதும் உண்மைதான்.

இதை எழுதக் காரணம் வேறு. இப்பத்திரிகைக்கு எழுதிய மதிப்புரைகளை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். 'படிமங்கள் வலுவானவை, மொழி தளர்ந்திருக்கிறது, எனினும் அனுபவம் உண்மையானது.' கவிஞர்கள் மாறுகிறார்கள், வாக்கியம் மாறவில்லை. ஒரு குறைக்கு ஒரு நிறை வைத்து எல்லோருக்கும் 27 புள்ளிகள் வழங்கியிருக்கிறேன். நடுநிலை என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன். தனக்கு விழுந்த நான்கை வைத்துக்கொண்டு ஒருவர் எந்தக் கதவுவரை போனார் என்று ஒரு மதிப்புரையிலும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிலரை இன்னும் கடுமையாகவும் இரண்டு பேரை வேறு மாதிரியும் எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிட்டு மந்திரவாதியின் காகிதத்தைக் கிழித்தேன். புதிதாக உருட்டியதில் வசீகரம் 6 விழுந்தது. எண்ணால் எழுதினேன், பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதினேன்: ஆறு மட்டும்.